ஆலயத்திற்குப் போகாதவருக்கும் கிறிஸ்துமஸ் உண்டா?

வாசகர் கேள்வி

நான் நாள்தோறும் ஜெபிக்கும் கிறிஸ்தவப் பெண். என் கணவரும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டார். மரம், விளக்கு, பரிசு, உறவினர் வருகை எல்லாம் அவருக்குப் பிடிக்கும். ஆலயத்திற்கு மட்டும் வரமாட்டார். "இது முதலில் சூரியனுக்கு எடுத்த விழா, சபை அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது, நாம் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்பார். எங்களுடன் இருக்கும் என் அம்மாவோ, "கிறிஸ்து இல்லாமல் எதற்கு மரமும் விளக்கும்? கொண்டாடினால் முறையாகக் கொண்டாடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்கிறார். பதினைந்து வயது மகள், நம்பாத பாடலைப் பாடுவது நடிப்பு என்று சொல்லி, சென்ற ஆண்டு குடும்ப ஜெபத்தில் பாட மறுத்துவிட்டாள். எட்டு வயது மகனுக்குப் பரிசு கிடைத்தால் போதும். அதைக் கொண்டுவருவது கிறிஸ்துமஸ் தாத்தாதானா என்று இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறான். இதற்கிடையே அலுவலகத்தில் ஆண்டு இறுதி விழாக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். வாசலில் குடில் வைக்கலாமா என்று அங்கேயும் சச்சரவு. கிறிஸ்துமஸ் மதப் பண்டிகையா, எல்லாருக்கும் பொதுவான கொண்டாட்டமா? ஒரு முடிவு சொன்னால் வீட்டில் காட்டுவேன்.

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் காட்டுவதற்கென்று ஒரு தீர்ப்பை எழுதித் தர எனக்கு விருப்பமில்லை. வெளியாளின் சொல்லைக் காட்டி ஒருவருடைய வாயை அடைத்தால் அந்த ஆண்டுப் பண்டிகை அமைதியாக நடந்துவிடும், ஆனால் அடைபட்ட வாய் அடுத்த ஆண்டு இன்னும் கடுமையாகத் திறக்கும் என்பதைக் குடும்ப ஆலோசனைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஆயினும் கேட்ட கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது முறையாகாது என்பதால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூரும் மதப் பண்டிகை, அதில் ஐயமில்லை. அதைச் சுற்றி வளர்ந்த விருந்தும் விளக்கும் பரிசும் விடுமுறையும் நெடுங்காலமாகவே நம்பிக்கையாளருக்கு மட்டும் உரியவையாக இருந்ததில்லை, அதிலும் ஐயமில்லை. ஆகவே, அந்த நாள் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க முயல்வதைவிட, அந்த நாளில் யாரிடம் எந்தச் செயலை எதிர்பார்க்கலாம் என்று கேட்பதே உங்களுக்குப் பயன்படும். ஜெபிப்பது, விசுவாசத்தை அறிக்கையிடுவது, ஆராதனையில் பங்குகொள்வது ஆகியவற்றை ஒருவர் தம் மனம் ஒப்பி மட்டுமே செய்ய முடியும். வீட்டை அலங்கரிப்பது, வந்தவர்களை உபசரிப்பது, ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் இடையூறு செய்யாமலிருப்பது ஆகியவற்றைக் குடும்பத்தில் ஒருவர் என்ற முறையில் எவரிடமும் கேட்கலாம். உங்கள் வீட்டில் இவ்விரண்டும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன என்பதுதான் என் கணிப்பு.

உங்கள் கணவரின் வாதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் அது பாதி சரியானது. பாதி சரியான வாதங்களுக்குத்தான் குடும்பச் சண்டைகளில் ஆயுள் அதிகம். நற்செய்தி நூல்கள் நான்கில் மத்தேயு, லூக்கா இரண்டு மட்டுமே இயேசுவின் பிறப்பை விவரிக்கின்றன. அவ்விரண்டிலும் நாளோ மாதமோ குறிக்கப்படவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், வேதத்தில் பிறந்தநாளைக் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகளே என்று சொல்லி, பிறந்தநாள் கொண்டாடும் வழக்கத்தையே ஏளனம் செய்தார். டிசம்பர் 25 என்ற தேதி, 354-ஆம் ஆண்டில் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பில்தான் முதன்முதலாகத் தெளிவாகக் கிடைக்கிறது. அந்தத் தேதி இடம்பெறும் பட்டியல் 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். ரோமப் பேரரசர் அவுரேலியன் 274-இல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எழுப்பியதும் வரலாறுதான். இதுவரை உங்கள் கணவர் சொல்வதற்கு இடமிருக்கிறது.

ஆனால் அவர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தச் சூரியக் கடவுளின் பிறந்தநாள் டிசம்பர் 25 என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான எழுத்துச் சான்றும் அதே 354-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான், வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டு விழாக்களும் ஒரே ஏட்டில் முதன்முதலாகத் தலைகாட்டும்போது, யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று அடித்துச் சொல்வது எளிதன்று. வேறொரு விளக்கமும் உண்டு: இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என்று பழைய சபையில் ஒரு சாரார் கணக்கிட்டார்கள், அவர் தாயின் கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்ற மரபு இருந்ததை பழைய சபையின் அறிஞரான அகஸ்டீன் எழுதியிருக்கிறார், அந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வந்துவிடும். கிழக்கத்திய சபைகள் பல ஜனவரி 6-ஐக் கொண்டாடின. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்த நாளையே கைக்கொள்கிறது. இவ்விளக்கங்களில் எது சரி என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.

சூரிய விழா வாதமே சரி என்று நாளை நிறுவப்பட்டாலும், அதிலிருந்து உங்கள் கணவர் விரும்பும் முடிவு வராது. சபை பழைய வழக்கங்களை அறியாமல் விழுங்கவில்லை. 601-ஆம் ஆண்டில் திருத்தந்தை கிரகோரி, இங்கிலாந்துக்குச் சென்ற மறைப்பணியாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், மக்களின் பழைய கோயில்களை இடிக்காமல் சிலைகளை மட்டும் அகற்றிவிட்டு, அவர்களுக்குப் பழகிய விருந்து நாட்களைக் கிறிஸ்தவ விழாக்களாக மாற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்தினார். ஒரு வழக்கம் எங்கே பிறந்தது என்பது, இன்று அதைக் கைக்கொள்பவருக்கு அது என்ன பொருள் தருகிறது என்பதைத் தீர்மானித்துவிடாது. உங்கள் கணவருக்குத் தம் குழந்தைப் பருவத்துக் கிறிஸ்துமஸ் பிடித்திருக்கிறது. நம்பிக்கை போன பிறகும் அந்தப் பிரியம் போகவில்லை. "உனக்கு இதில் உரிமையில்லை" என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் அவர் ரோமாபுரி வரை போய்ச் சூரியனைத் துணைக்கு அழைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த உரிமையை வீடு அவருக்குத் தந்துவிட்டால், சூரியனைப் பற்றிய பேச்சு தானே குறையும்.

அம்மாவின் கவலையும் புதியதன்று. ஏறத்தாழ 380-ஆம் ஆண்டில், கான்ஸ்டாண்டினோபிளில் ஆயராக இருந்த நசியான்சு கிரகோரியார், கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிய தம் மறையுரையில், வாசல்களுக்கு மாலை கட்ட வேண்டாம், தெருக்களை அலங்கரிக்க வேண்டாம், ஆட்டமும் விருந்தும் வேண்டாம், இந்த நாளை உலகத்தார் முறையில் அல்லாமல் தெய்வீக முறையில் கொண்டாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்று அவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், விழா பரவத் தொடங்கிய காலத்திலேயே மக்கள் அவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்?

"இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்ற அம்மாவின் இரண்டாவது வழியையும் மிகத் தீவிரமான கிறிஸ்தவர்களே நடைமுறைப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட விழாக்களைச் சட்டத்தால் நீக்கியது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அந்தத் தடை செல்லாமற்போனது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, இந்த நாளை வேலையை விட்டோ விருந்து வைத்தோ கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் 1958-இல்தான் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாயிற்று. இவர்கள் யாரும் நாத்திகர் அல்லர். வேதத்தில் கட்டளையிடப்படாத விழா வேண்டாம் என்று நினைத்த பக்தர்கள். இதற்கு நேரெதிராக, சோவியத் ஆட்சி பிறப்பு விழாவை ஒடுக்கிவிட்டு, 1935-இன் இறுதியில் அதே மரத்தைப் புத்தாண்டு மரம் என்ற பெயரில் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஜனவரி 7-இல் வரும் கிறிஸ்துமஸ் 1991-இல் ரஷ்யாவில் மீண்டும் விடுமுறையானது. கியூபாவில் 1969-இல் நீக்கப்பட்ட விடுமுறை, திருத்தந்தையின் வருகையை முன்னிட்டு 1997-இல் திரும்பி வந்தது. கொண்டாட்டத்தை வெட்டிவிட்டு நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. நம்பிக்கையை வெட்டிவிட்டுக் கொண்டாட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அரசுகளுக்குக் கைகூடாததை ஒரு வீட்டின் வரவேற்பறையில் சாதிக்க நினைப்பது வீண் உழைப்பு.

தயவுசெய்து இந்த ஆண்டுகளையெல்லாம் அம்மாவின் முன் அடுக்கிக் காட்டாதீர்கள். அவர் வரலாற்று விவாதம் நடத்தவில்லை. தமக்குப் பிறகு இந்த வீட்டில் இந்த நாளின் காரணத்தைச் சொல்ல ஆளிருக்காது என்ற துயரத்தைத்தான், மரத்தின் மேலும் விளக்கின் மேலும் ஏற்றிச் சொல்கிறார். அந்தத் துயரத்திற்குச் செய்யக்கூடிய மிக நேரான காரியம், பிறப்பின் கதையைப் பேரப் பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. இதற்கு உங்கள் கணவரும் மறுப்புச் சொல்லக் காரணமில்லை என்று அழுத்தமாகவே சொல்வேன். கதையைக் கேட்பதும் அதை நம்புவதும் வேறு வேறு. திருக்குர்ஆனின் பத்தொன்பதாம் அத்தியாயம் மரியாளின் பெயரையே தாங்கி, அவர் பேரீச்ச மரத்தடியில் குழந்தையைப் பெற்றெடுத்ததைச் சொல்கிறது. அதைப் படிக்கும் எவரும் அதனால் கிறிஸ்தவராகிவிடுவதில்லை. இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதையை ஒளித்துவைத்துவிட்டு, அந்தப் பிறப்பின் பெயரால் பரிசுகளை மட்டும் பிரிக்கக் கற்றுக்கொடுத்தால், எட்டு வயதுப் பையன் வளர்ந்த பின் தன்னைச் சுற்றியுள்ள ஓவியத்தையும் இசையையும் புரிந்துகொள்ளக்கூடத் தடுமாறுவான். கணவர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மகன் கேட்கும்போது, "பாட்டி நம்புகிறார், அம்மா நம்புகிறார், நான் நம்பவில்லை" என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

மகளின் மறுப்பைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியில் வருத்தம் தெரிந்தது. எனக்கோ அந்தப் பெண்ணின் மேல் மதிப்புதான் உண்டாயிற்று. ஜெபம் என்பது வெறும் சடங்கு என்று நினைப்பவள் பாடிவிட்டுப் போயிருப்பாள். சொல்லும் சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்று நினைப்பவள்தான் வாயை மூடிக்கொள்கிறாள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயம் உடையவனாக இருக்கட்டும் என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. அம்மாவும் நன்கறிந்த பகுதியாகவே அது இருக்கும். மகளிடம் சொல்லத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. ரால்ஃப் வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர் கடவுள் உண்டு என்று உறுதியாகச் சொல்லாதவர். ஆனால் 1906-இல் வெளிவந்த திருச்சபைப் பாடல் தொகுப்பு ஒன்றின் இசைப் பதிப்பாசிரியர் அவர்தான், அதிலுள்ள மெட்டுகளை விசுவாசிகள் இன்றும் ஆராதனையில் பாடுகிறார்கள். "நான் விசுவாசிக்கிறேன்" என்று தன்மையில் அறிக்கையிடுவது ஒன்று, ஒரு பாடலை அதன் அழகுக்காகப் பாடுவது வேறு என்று அவள் பின்னாளில் கருதக்கூடும், கருதாமலும் போகக்கூடும். அந்தக் கோட்டை அவள்தான் போட வேண்டும். நீங்கள் கேட்கக்கூடியது, பாட்டி ஜெபிக்கும் பத்து நிமிடமும் கைப்பேசியை எடுக்காமல் உடன் இருப்பது மட்டும்தான். மரண வீட்டில் வேறு சமயத்தார் பிரார்த்திக்கும்போது நாமும் எழுந்து நிற்கிறோம். அதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி மகன் கேட்பதை நீண்ட விவாதமாக்க வேண்டாம். நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயராக இருந்த நிக்கோலாஸ் என்பவரின் நினைவிலிருந்து வளர்ந்த உருவம் அது. அவன் நேராகக் கேட்கும் அன்று நேராகச் சொல்லிவிடுங்கள். கேட்காதவரை அக்காள் முந்திக்கொண்டு உடைக்க வேண்டியதில்லை.

அலுவலகக் குடில் விஷயத்தில், நாட்டு நீதிமன்றங்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு நகராட்சி வைத்த குடிலை, 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அனுமதித்தது. கலைமான்கள், தாத்தாவின் வீடு, மரம் ஆகியவற்றோடு சேர்த்து விடுமுறைக்கால அலங்காரமாக அது இருந்தது என்பது முக்கியக் காரணம். 1989-இல் அதே நீதிமன்றம், நீதிமன்ற மாளிகையின் படிக்கட்டில் தனியே வைக்கப்பட்ட இன்னொரு குடிலை அனுமதிக்க மறுத்தது. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2016-இல், பண்பாட்டு, கலை, விழா இயல்பு இருந்து, மதத்தை அரசு அங்கீகரிப்பதாகத் தோன்றாவிட்டால் பொது இடத்தில் குடிலைத் தற்காலிகமாக வைக்கலாம் என்றது. இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் தோன்றும்: பொது வாசலில் இடம் பெறுவதற்காக, அந்தக் குழந்தை உருவத்துக்கு மதப் பொருள் பெரிதாக இல்லை என்று வாதிட வேண்டியிருக்கிறது. 1984 வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், குடில் தன் பொருளை இழந்து விழாக்காலத்தின் வெறும் அடையாளமாகச் சுருக்கப்பட்டுவிட்டது என்று வருந்தினார். நம்பிக்கையாளர் இதை வெற்றியாகக் கொண்டாடுவது எனக்கு விளங்குவதில்லை. உங்கள் அலுவலகம் நீதிமன்றப் படிக்கட்டு அல்ல, சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது உடன் வேலை செய்பவர்களைத்தான். ஆண்டு இறுதி விழாவை எல்லாருக்குமான விருந்தாக நடத்துங்கள். விளக்கும் மரமும் இருக்கட்டும். வணங்கத்தக்கதாகச் சிலர் கருதும் குடிலை நுழைவாயிலில் வைத்து வாக்கெடுப்புக்கு உள்ளாக்காதீர்கள். அதைவிட முக்கியமானது, ஆராதனைக்குச் செல்வோருக்கு அந்த நேரத்தில் விடுப்புத் தடையின்றிக் கிடைப்பதும், வர விரும்பாதவர் வராததற்குக் காரணம் சொல்ல வேண்டியிராததும், பிற சமயத்தாரின் பண்டிகைக்கும் இதே அளவுகோல் பொருந்துவதும்.

வீட்டுக்குத் திரும்புவோம். உங்கள் குடும்பம் விதிவிலக்கானது என்று எண்ணிக் கலங்க வேண்டாம். அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையம் 2017-இல் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னார்கள், ஆனால் அதைப் பெரும்பாலும் மதப் பண்டிகையாகக் கொண்டாடுவதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம் மட்டுமே. ஒரே மேசையில் இரு வகையினரும் உட்கார்ந்திருக்கும் வீடுகள் அங்கு ஏராளமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில், ஜெபத்துக்கு ஒரு நேரத்தை முன்கூட்டியே குறித்து, அதை ஜெபம் என்றே அழையுங்கள். "குடும்ப நேரம்" என்று பெயர் மாற்றி அவநம்பிக்கையாளரை உள்ளே இழுக்க வேண்டாம். அந்த நேரத்தில் விருந்தினரை அழைக்காமலும், கேலி பேசாமலும், தொலைக்காட்சியைப் போடாமலும் இருப்பது கணவரின் பொறுப்பு. பரிசு தருவதையோ சாப்பாட்டு மேசையில் இடம் தருவதையோ ஜெபத்தில் கலந்துகொண்டதற்கான கூலியாக ஆக்காமலிருப்பது உங்களுடையதும் அம்மாவுடையதுமான பொறுப்பு. உணவுக்கு முன் அம்மா சுருக்கமாக ஜெபிக்கட்டும், மற்றவர்கள் மௌனமாக இருக்கட்டும். அந்த நாளில் வீட்டுக்கு வெளியே யாருக்கேனும் உதவி செய்யும் திட்டமிருந்தால், அதற்கு உங்கள் கணவரை முன்னே நிறுத்துங்கள், அவர் மனதாரச் செய்யக்கூடியது அது.

இந்தப் பேச்சை டிசம்பர் 24-ஆம் தேதி மாலையில் தொடங்காதீர்கள், நவம்பரிலேயே பேசிவிடுங்கள். முதலில் கணவரிடம் தனியாக, பிறகு அம்மாவிடம் தனியாக. பிள்ளைகளை நடுவராக உட்கார வைக்க வேண்டாம். கணவரிடம் பேசப் போவதற்கு முன் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் கணவருடைய விருப்பம் இருக்கிறது, அம்மாவுடையது இருக்கிறது, மகளுடையது, மகனுடையது, அலுவலக நண்பர்களுடையதுகூட இருக்கிறது; உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரு வரியிலும் இல்லை. ஆராதனையில் கணவர் உங்கள் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அதைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரி, அம்மாவின் மனநிம்மதி என்ற காரணங்களின் பின்னால் ஒளித்துக் கேட்காமல், உங்கள் ஆசையாகவே ஒருமுறை கேளுங்கள். நம்பச் சொல்லவில்லை, உடன் இருக்கச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் மறுத்தால், அதே வேண்டுகோளை அம்மா மூலமாகவோ மகன் மூலமாகவோ மறுபடி அனுப்பாதீர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.